திரை கறுத்தால் ஓடிவருபவர்கள்: பிரிட்டனில் ஒளிபரப்புப் பொறியியல் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்

2021 செப்டம்பர் 25, சனிக்கிழமை மாலை. மேற்கு லண்டன் வைட் சிட்டியில் உள்ள ஒரு ஒளிபரப்பு மையத்தில் தீயணைப்பு அமைப்பு தானாக இயங்கிவிட்டது. தீ ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் சர்வர் அறைக்குள் வாயு பீறிட்ட வேகத்தில் எழுந்த ஒலி அதிர்வே ஹார்டு டிஸ்க்குகளைக் கெடுத்துவிட்டது. ரெட் பீ மீடியா நடத்தும் அந்த மையத்திலிருந்துதான் சேனல் 4 உட்படப் பல சேனல்கள் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. மாற்று ஏற்பாட்டுக்குத் தாவி சேனல் 4 படத்தைக் காப்பாற்றிக்கொண்டது. சப்டைட்டிலைக் காப்பாற்ற முடியவில்லை. காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் நம்பியிருந்த சேவைகள் சீராகப் பல வாரங்கள் ஆயின. விவகாரம் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் வரை போனது.

அதற்கு ஆறேழு வாரம் முன்பு, ஆகஸ்ட் 10 அன்று, வடக்கு யார்க்‌ஷயரின் பில்ஸ்டேல் ஒளிபரப்புக் கோபுரம் தீப்பிடித்தது. 300 மீட்டருக்கும் அதிக உயரம். பல லட்சம் வீடுகளில் டி.வி. வேலை செய்யவில்லை. கடைசியில் அந்தக் கோபுரத்தையே இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

முதல் விபத்தில் ஒலியியலும், டிஸ்க்கின் நுட்பமும், தீயணைப்பு விதிகளும் ஒரே நிமிடத்தில் மோதிக்கொண்டன. இரண்டாவதில் ரேடியோ அலை, மின்சாரம், கட்டுமானம் மூன்றும் சேர்ந்துகொண்டன. இப்படிப் பல துறைகள் இடித்துக்கொள்ளும் இடத்தில்தான் ஒளிபரப்புப் பொறியாளருக்கு வேலை. நாலு வருடம் வகுப்பில் உட்கார்ந்து படித்தவருக்கு இது பிடிபடாது. பட்டறையில் கைப்பழக்கமாக மட்டும் கற்றவருக்கும் இன்று போதாது. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகப் பட்டமும் வாங்கும் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்ற ஏற்பாடு பிரிட்டனில் இந்தத் துறைக்குள் வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கல்விக் கட்டணம் மிச்சம் என்பது அதன் விளம்பர முகம். உள்ளே இருக்கும் விஷயம் வேறு.

பழைய பள்ளிக்கூடம் எங்கே போனது

பி.பி.சி. தொடங்கிய 1922-ல் ஒளிபரப்புப் பொறியியல் என்று ஒரு படிப்பே கிடையாது. வேலை செய்துகொண்டே தொழிலை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-ல், லண்டனுக்கு ஆபத்து வந்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமென்று, ஈவ்ஷம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள உட் நார்ட்டன் மாளிகையை பி.பி.சி. வாங்கியது. போருக்குப் பிறகு அதுவே பொறியாளர் பயிற்சிப் பள்ளியானது. பல தலைமுறைப் பொறியாளர்கள் அங்கே தங்கிப் படித்துவிட்டு ஸ்டுடியோவுக்கோ டிரான்ஸ்மிட்டருக்கோ போனார்கள். நிறுவனமே ஆள் எடுக்கும், நிறுவனமே சொல்லிக்கொடுக்கும், நிறுவனமே வேலையும் தரும். மூன்றும் ஒரே கூரைக்குள் இருந்தவரை இது சிக்கலில்லாமல் ஓடியது.

1990-களுக்குப் பிறகு அந்தக் கூரை பிரிந்தது. 1997-ல் பி.பி.சி.யின் உள்நாட்டு டிரான்ஸ்மிட்டர்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. 2004-ல் பி.பி.சி. டெக்னாலஜி சீமென்ஸ் கைக்குப் போனது. 2005-ல் நிகழ்ச்சிகளைச் சேனலில் ஏற்றி ஓட்டும் பிளேஅவுட் பிரிவு விற்கப்பட்டு, பெயர் மாறி, ரெட் பீ மீடியா ஆனது. ஒவ்வொரு விற்பனைக்கும் கணக்குப்படி நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு இளைஞர் மைக்கிலிருந்து ஆன்டெனா வரை முழுப் பாதையையும் ஒரே நிறுவனத்துக்குள் பார்த்துப் பழகும் வாய்ப்பு துண்டு துண்டாகிவிட்டது. யார் பயிற்சிக்குச் செலவு செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. நான் சொல்லிக்கொடுத்த ஆளைப் பக்கத்துக் கம்பெனி கொத்திக்கொண்டு போனால்?

இங்கிலாந்தில் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் 2015-ல் தொடங்கியது. 2017 ஏப்ரலில் அதற்குப் பணம் வரும் வழி மாறியது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் சம்பளச் செலவில் 0.5 சதவீதத்தை அப்ரண்டிஸ்ஷிப் வரியாகக் கட்ட வேண்டும். அதில் 15,000 பவுண்டு தள்ளுபடி உண்டு. கட்டிய பணம் அந்த நிறுவனத்தின் பயிற்சிக் கணக்கில் இருக்கும். குறித்த காலத்துக்குள் பயிற்சிக்குச் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். எப்படியும் போகப்போகிற பணம் என்றதும் பயிற்சி மீது பல நிறுவனங்களுக்குத் திடீர் அக்கறை பிறந்தது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஈவ்ஷம் மாதிரி பள்ளியை இனி யாரும் தனியாக நடத்தப்போவதில்லை. அந்த இடத்தில் பல்கலைக்கழகத்தை உட்காரவைத்து, செலவை வரிக் கணக்கில் எழுதும் ஏற்பாடு இது. பி.பி.சி.யே இந்த வழியில் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒளிபரப்புப் பொறியாளர்களை எடுத்துப் பயிற்றுவித்திருக்கிறது.

மாணவரா, ஊழியரா

சட்டப்படி ஊழியர். வேலை ஒப்பந்தம், சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணத்தில் ஒரு பென்னி கூட இவர் தர வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சாதாரண மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 2017 முதல் 9,250 பவுண்டாக இருந்து, 2025-26-ல் 9,535 ஆனது. மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டால், படிப்பு முடிவதற்குள் தலைமேல் ஏறும் கடன் எவ்வளவு என்று தெரியும், வீட்டு வாடகை தனி. அப்ரண்டிஸுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டு. 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பயிற்சியின் முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கும்தான் அந்த விகிதம். மற்றவர்களுக்கு வயதுக்குரிய பொதுக் குறைந்தபட்ச ஊதியம்.

ஊழியர் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. மாணவர் கடன் கிடையாது. முழுநேர மாணவருக்கு உள்ள கவுன்சில் வரி (உள்ளாட்சி வீட்டு வரி) விலக்கு, வாரம் 195 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் அப்ரண்டிஸுக்கு இல்லை. மூன்று மாதக் கோடை விடுமுறை இல்லை. பத்தொன்பது வயதில் கூடப் படித்த நண்பர்கள் எல்லாம் ஊர் சுற்றப் போகும்போது, இவர் வார இறுதி ஷிப்டில், கருவிகளை அடுக்கிவைத்த ரேக் அறையின் குளிரில் நின்றுகொண்டிருப்பார். கடன் இல்லாத பட்டம் என்று மட்டும் கேள்விப்பட்டுச் சேர்பவர்கள் முதல் வருடத்தில் திணறுவது இங்கேதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். படிக்கும் நேரமும் வேலை நேரத்துக்குள்ளேயே வர வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு 6 மணி நேரம் என்பது அண்மைக்காலம் வரை இருந்த குறைந்தபட்சக் கணக்கு. ஒளிபரப்புத் துறையில் இதை வாரம் ஒரு நாள் என்று வைப்பது கஷ்டம், ஷிப்ட் முறை அதற்கு இடம் தராது. அதனால் வாரக்கணக்கில் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு மறுபடி வேலைத்தளத்துக்கு அழைத்துக்கொள்ளும் முறை வசதியாக இருக்கிறது. அந்த வாரங்களில் வகுப்பு காலையிலிருந்து மாலை வரை ஓடும். அசைன்மென்ட் மட்டும் எந்த விதியையும் மதிக்காமல் வீட்டுக்கு வந்துவிடும்.

கறுப்பிலும் இரண்டு வகை

வேலைத்தளத்தில் என்ன கற்கிறார்கள்? முதலில் கேபிள். எஸ்.டி.ஐ. எனப்படும் டிஜிட்டல் வீடியோ சிக்னல் 75 ஓம் கேபிளில், அதன் முனையில் மாட்டும் பி.என்.சி. கனெக்டர் வழியாகப் போகிறது. நொடிக்கு 25 படம் ஓடும் எச்.டி.க்கு நொடிக்கு 1.485 கிகாபிட். கனெக்டரைச் சரியாகக் கிரிம்ப் செய்யாவிட்டால் (கேபிளோடு அழுத்திப் பொருத்தாவிட்டால்) அந்த வேகத்தில் சிக்னல் திரும்பி எதிரொலிக்கும், படத்தில் புள்ளிகள் மின்னும். பட்டம் வாங்கியும் ஒரு கனெக்டர் ஒழுங்காக அடிக்கத் தெரியாதவரைப் பழைய கைகள் மதிப்பதே இல்லை. அதில் கொஞ்சம் கர்வமும் இருக்கிறது, நிறைய நியாயமும் இருக்கிறது.

அப்புறம் பழுது தேடுவது. மூன்றாவது கேமரா கறுப்பாகத் தெரிகிறது, ஒளிபரப்புக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர் கேமராவை நோக்கி ஓடுவார். அனுபவமுள்ளவர் அளவீட்டுத் திரையைப் பார்ப்பார். சிக்னல் வந்து அதில் படம் கறுப்பாக இருப்பது ஒன்று, சிக்னலே வராமல் திரை கறுத்திருப்பது இன்னொன்று. முதலாவது என்றால் கேபிள்களெல்லாம் நலம். லென்ஸ் மூடியோ, ஒளியை உள்ளே விடும் ஐரிஸோ திறக்கவில்லை, இல்லை வேறெதோ கறுப்புப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது என்றால் பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போதும் ஒரு முனையிலிருந்து தொடங்கக் கூடாது. கேமராவுக்கும், கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் விஷன் மிக்சருக்கும் நடுவே, சிக்னல்களைப் பிரித்து அனுப்பும் ரவுட்டரில் பார்க்க வேண்டும். அங்கே வந்துவிட்டதென்றால் முன்பாதி முழுவதும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். மிச்சத்தையும் பாதியாக வெட்டு. நாலைந்து வெட்டில் குற்றவாளி அகப்படும்.

இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். காதில் இயக்குநரின் குரல் கத்திக்கொண்டிருக்கும்போது இதைப் பதறாமல் செய்ய மாதங்கள் பிடிக்கும். ஆய்வகத்தில் இந்த அழுத்தத்தைப் போலியாக உண்டாக்கவே முடியாது, எவ்வளவு நல்ல பேராசிரியராக இருந்தாலும் சரி. அதனால்தான் தொடக்கத்தில் அப்ரண்டிஸை நேரலையில் கைவைக்க விடமாட்டார்கள். ஒத்திகைகளிலும் பராமரிப்பு நேரங்களிலும் பழகவிட்டு, பிறகு மூத்தவர் தோளுக்குப் பின்னால் நிற்க, மெல்ல மெல்லப் பொறுப்பைக் கைமாற்றுவார்கள்.

கேபிள் மறைந்தபின் வந்த கடிகாரம்

கைப்பழக்கம் மட்டும் போதும் என்ற வாதம் 2010-களின் பிற்பகுதியில் உடையத் தொடங்கியது. 2017-ல் எஸ்.டி. 2110 (ST 2110) என்ற தொழில்நுட்பத் தரநிலைத் தொகுப்பின் முதல் பகுதிகள் வெளியாயின. அதன்படி வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் போன்ற துணைத் தகவல் எல்லாம் தனித்தனிப் பொட்டலங்களாகக் கணினி வலையமைப்பில் பயணிக்கும். கார்டிஃபில் பி.பி.சி. கட்டிய சென்ட்ரல் ஸ்கொயர் மையம் இந்த முறையை நம்பி எழுந்தது. அங்கே ஒரு கேபிளைப் பிடித்து இழுத்து, இது மூன்றாவது கேமரா என்று சொல்ல முடியாது. ஒரே ஃபைபரில் பல கேமராக்கள் போகும்.

எத்தனை போகும் என்பதைத் தாளில் கணக்குப் போடலாம். 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் ஒரு படத்தின் புள்ளிகள். நொடிக்கு 50 படங்கள், புள்ளிக்குச் சராசரியாக 20 பிட். மொத்தம் நொடிக்குச் சுமார் 2.07 கிகாபிட். பொட்டலத்தின் மேல்உறைக்கும் கொஞ்சம் சேர்த்தால், 10 கிகாபிட் இணைப்பில் நாலு படம் போகும். ஐந்தாவதை ஏற்றினால் அந்த ஒன்று மட்டும் கெடாது, ஐந்துமே சிதறும். பல்கலைக்கழக வாரத்தில் இந்தக் கணக்கைப் போட்டவர், அடுத்த மாதம் வேலைத்தளத்தில் யாரோ சோதனைக்காக ஒரு படத்தைக் கூடுதலாக ஏற்றியதும் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

வலையமைப்பு முறையில் மிகவும் தந்திரமான பழுது கடிகாரத்தில் இருக்கிறது. தனித்தனியாகப் பயணித்த படமும் ஒலியும் போய்ச் சேரும் இடத்தில் ஒட்ட வேண்டுமென்றால், கட்டடத்தில் உள்ள எல்லாக் கருவிகளும் மைக்ரோ நொடித் துல்லியத்தில் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் ஜி.பி.எஸ். நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தலைமைக் கடிகாரம் பி.டி.பி. என்ற நெறிமுறை வழியாக அதைப் பரப்புகிறது. அந்த நெறிமுறையில் டொமைன் எண் என்று ஒன்று உண்டு. ஒரே எண் உள்ள கருவிகள்தான் ஒரே கடிகாரத்தைக் கேட்கும். ஒளிபரப்பு வீடியோ தரப்படி அதன் இயல்பு எண் 127. ஆடியோ உலகிலிருந்து வந்த ஏ.இ.எஸ். 67 தரப்படி இயல்பு எண் 0. புதிதாக வாங்கிய ஆடியோ பெட்டியை அட்டையிலிருந்து எடுத்து, எண்ணை மாற்றாமல் அப்படியே செருகினால் என்ன ஆகும்? 0-வில் வேறு கடிகாரம் இல்லையென்றால் தன் சொந்தக் கடிகாரத்தையே எடுத்துக்கொண்டு, எல்லாம் சரி என்பதுபோல் பச்சை விளக்குக் காட்டும். ஒலியும் வரும். எப்போதாவது ஒரு ‘டிக்’. யாராவது மைக்கைச் சந்தேகிப்பார்கள், கேபிளைச் சந்தேகிப்பார்கள், கடைசியில் பேசுபவரின் பொத்தானைக்கூடச் சந்தேகிப்பார்கள்.

இரண்டு கடிகாரங்கள் நூலிழை வித்தியாசத்தில் ஓடும்போது, ஒலித் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் சேமிப்பு இடம் மெல்ல நிரம்பியோ வற்றியோ ஒரு கட்டத்தில் ஒரு ஒலித் துணுக்கு நழுவும் என்று வகுப்பில் படித்தவருக்கு அந்த ‘டிக்’ ஓசையே ஒரு துப்பு. குறிப்பிட்ட இடைவெளியில் வருகிறதா என்று கவனிப்பார். வந்தால் நேரே கடிகார அமைப்புக்குப் போவார்.

வகுப்பில் கிடைப்பது

பாடத்திட்டத்தில் மின்னணுவியல், கணிதம், சிக்னல் செயலாக்கம், வலையமைப்பு, டிஜிட்டல் தகவல்தொடர்பு, ரேடியோ அலை என்று எதிர்பார்க்கக்கூடியவைதான் இருக்கும். இவற்றில், எந்த அலையையும் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே கணிதத்தைப் பார்த்து மிரள்பவர்கள் அதிகம். பிரிட்டனில் 2010-ல் முறைப்படி தொடங்கிய தரைவழி எச்.டி. ஒளிபரப்பு, 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய அலைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி அனுப்புகிறது. ஒவ்வொன்றும் மெதுவாகத் தகவல் சுமப்பதால், மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலி அதைக் குழப்புவதில்லை. அத்தனை அலைகளையும் ஒரு சிப்புக்குள் உருவாக்குவது அதே ஃபூரியே கணிதம்தான். டிரான்ஸ்மிட்டர் நிலையத்தில் சில வாரம் இருந்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பாடம் வேறு மாதிரி இறங்கும்.

உதட்டசைவும் ஒலியும் பொருந்தாத பழுதும் இப்படித்தான். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிநொடி. படத்தை ஒரு ஃபிரேம் பிடித்துவைத்து அனுப்பும் கருவிகள் வழியில் மூன்று இருந்தால், 120 மில்லிநொடி தாமதம் சேர்ந்துவிடும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஒலி படத்தை 40 மில்லிநொடிக்கு மேல் முந்தக் கூடாது, 60-க்கு மேல் பிந்தக் கூடாது. ஆக ஒலியையும் வேண்டுமென்றே நிறுத்திவைத்து அனுப்ப வேண்டும். முந்துவதற்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். மூளை அதற்குப் பழகியிருக்கிறது. பேசுவதற்கு முன்பே குரல் வந்தால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும்.

இரட்டைக் கணக்கு

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையாகப் படுவது ஆவணச் சுமை. பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் வேண்டும். அப்ரண்டிஸ்ஷிப் விதிகளுக்கு ஒவ்வொரு அறிவுக்கும் திறனுக்கும் நடத்தைக்கும் ஆதாரம் வேண்டும். என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தேன், ஏன் அந்த முடிவு எடுத்தேன் என்று எழுதி, படம் எடுத்து, மேலாளர் கையெழுத்தோடு கோப்பு சேர்க்க வேண்டும். பயிற்சி நேரத்தையும் மணிக்கணக்கில் பதிவுசெய்ய வேண்டும். முடிவில் ஒரு இறுதி மதிப்பீடு. அதில் பெரும்பாலும் வேலைத்தளத் திட்டப்பணி ஒன்றும் நேர்முக உரையாடலும் இருக்கும். பழுதை விவரித்து எழுதுவது நல்ல பழக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரவு ஷிப்ட் முடித்த ஒருவர் ஒரே சம்பவத்தை இரண்டு படிவங்களில் இரண்டு விதமாக எழுதுவதில் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

இன்னொரு குறை சுழற்சியில். ஸ்டுடியோ, வெளிப்புறப் படப்பிடிப்பு வண்டி, செய்திப் பிரிவு, பிளேஅவுட், டிரான்ஸ்மிஷன் என்று பல இடங்களில் உட்காரவைப்பதுதான் இதன் பலம். எடுத்த நிறுவனத்துக்கு டிரான்ஸ்மிட்டரே சொந்தமில்லை என்றால் அந்த அனுபவத்தை வெளியே கடன் கேட்க வேண்டும். பெரிய நிறுவனம் ஏற்பாடு செய்துவிடும். சிறிய நிறுவனத்தில் சேர்ந்தவர் மூன்று வருடமும் ஒரே கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிவிட வாய்ப்பிருக்கிறது. நேர்முகத் தேர்வில் தயங்காமல் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்தெந்தப் பிரிவுகளில், எத்தனை மாதம்?

சேர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பொதுவாக மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமையும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக விண்ணப்பிக்கும் வழி என்று இதை எண்ண வேண்டாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இதே மாதிரியான திட்டங்கள் வேறு விதிகளின்படி, சில இடங்களில் வேறு பெயர்களில் நடக்கின்றன. பள்ளி இறுதியில் கணிதமோ இயற்பியலோ படித்திருப்பது கைகொடுக்கும். விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, வேலை தரும் நிறுவனத்துக்கு. இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம், அறிவிப்பும் குறுகிய காலமே திறந்திருக்கும். தேர்வில் கேமரா மாடல்களின் பெயரை ஒப்பிப்பவரைவிட, வீட்டில் பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர், பள்ளி நாடகத்துக்கு மைக் செட் கட்டியவர், சின்னக் கணினியில் ஒரு வீடியோ சர்வர் ஓட்டிப் பார்த்தவர் ஆகியோருக்குப் பேசுவதற்கு அதிகம் இருக்கும். அது ஓடாமல் போனபோது என்ன செய்தீர்கள் என்றுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பார்.